மனமும் ஒரு பாடமே!

முண்டியம்பாக்கம் என்றவுடன் வெளியூரார் நினைவிற்கு வருபவை மூன்று. விழுப்புரத்தை அடையுமுன் வரும் சிறிய ரயில் நிலையம் ஒன்று. கரும்பு வண்டிகள் வந்து சேரும் சர்க்கரை ஆலை மற்றொன்று. 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் மூன்றாவது. இவ்வூரைச் சுற்றி வாழும் மாணவியராகிய எங்களுக்கோ இந்த மூன்றைவிடப் பெரியதாய்த் தோன்றுவது வேறொன்று. "பத்தாம் வகுப்பிற்குப் பின் என்ன படிப்பது?" என்னும் கேள்வியே அது.

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு நாள், ஆசிரியை எங்கள் ஒவ்வொருவரையும் எழுப்பி இக்கேள்வியைக் கேட்டார். டாக்டர், நர்ஸ், டீச்சர், கலெக்டர், போலீஸ் என்று விடைகள் வந்தவண்ணம் இருந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "பி.எஸ்ஸி. உளவியல் படிக்கணும் டீச்சர்" என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கப் போறியாடி?" என்று ஒரு குரல் கேட்டது. அவள் முகம் வாடி உட்கார்ந்தாள். சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பு தவறு என்று பின்னர் உணர்ந்தோம். உணர்ந்ததை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவளுக்கு அந்த ஆசை வந்த கதையை மறுநாள் மதிய உணவின்போது சொன்னாள். அவளுடைய சித்திக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சித்தி உண்ணவில்லை, உறங்கவில்லை. குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்க்கவில்லை. "திமிர்" என்றார்கள் சிலர். "காத்துக் கறுப்பு அண்டியிருக்கு" என்றார்கள் சிலர். தாயத்துக் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். இறுதியில் அவளுடைய அம்மாதான் சித்தியை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் பரிசோதித்து மாத்திரை எழுதித் தந்தார். பிறகு வேறோர் அறையில், ஒரு பெண்மணி நெடுநேரம் சித்தியின் எதிரே அமர்ந்து மெல்லிய குரலில் கேள்விகள் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொண்டார். திட்டவில்லை; புத்திமதி சொல்லவில்லை; சித்தி அழுதபோது அழவிட்டுக் காத்திருந்தார். பேறுகாலத்திற்குப் பின் பல தாய்மாருக்கு வரக்கூடிய மனச்சோர்வு இது என்றும், இது குற்றமன்று, நோய் என்றும், குணமாகும் என்றும் வீட்டாருக்கு விளக்கினார்.

"நீங்க டாக்டரா அக்கா?" என்று எங்கள் தோழி கேட்டாளாம். "இல்லம்மா, நான் சைக்காலஜி படிச்சவ" என்று அவர் சொன்னாராம். சில மாதங்களில் சித்தி தேறினார். இப்போது அக்குழந்தை சித்தியின் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை. இதைக் கேட்டபின் எங்களில் எவருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மனநோய் மருத்துவத்தில் பட்டம் பெற்றவர். மருந்து கொடுப்பவர் அவரே. உளவியலாளரோ மனிதன் எப்படிக் காண்கிறான், நினைக்கிறான், மறக்கிறான், அஞ்சுகிறான், கற்கிறான் என்பதை ஆராய்ந்து, சோதனைகளாலும் பேச்சாலும் பயிற்சியாலும் உதவுபவர். இருவரும் இரு கைகளைப் போன்றவர்கள். ஒரு கை ஓசை எழுப்பாது அன்றோ?

"சரி, பேசுவதற்கு ஒரு பட்டமா? அதற்கு விஞ்ஞானப் பட்டம் வேறா?" என்று கேட்போர் உண்டு. எங்களுக்கும் அந்த ஐயம் இருந்தது. ஆகவே உளவியல் பட்டப்படிப்பில் என்னதான் கற்பிக்கிறார்கள் என்று, சென்னையில் அதைப் படித்து வந்த ஓர் அக்காவிடம் விசாரித்தோம். அவர் அடுக்கிய பாடங்களைக் கேட்டு வியந்தோம். மூளையும் நரம்பு மண்டலமும் சுரப்பிகளும் ஒரு பாடம். இவை நம் பத்தாம் வகுப்பு அறிவியலின் தொடர்ச்சியே. புள்ளியியல் ஒரு பாடம். நாம் "எதற்கடா இது!" என்று சலித்துக்கொள்ளும் திட்டவிலக்கம் அங்கே ஒவ்வொரு நாளும் வேண்டியிருக்கிறதாம். குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் ஆகியவையும் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இருப்பதுபோலவே செய்முறைக் கூடமும் செய்முறைத் தேர்வும் உண்டு. கணக்கிற்குப் பயந்து உளவியலுக்கு ஓடலாம் என்று நினைப்பவர்கள் சற்று நின்று யோசிப்பது நல்லது.

அக்கா சொல்லித்தந்த ஒரு சோதனையை நாங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம். முல்லர் லையர் என்ற ஜெர்மானியர் 1889இல் வெளியிட்டது அது. ஒரு தாளில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கோடுகள் வரைந்தோம். ஒரு கோட்டின் இரு முனைகளிலும் அம்பின் தலையைப்போல் உள்நோக்கி மடங்கும் சிறு கோடுகள் இட்டோம். மற்றதன் முனைகளில் அவை வெளிநோக்கி விரியுமாறு இட்டோம். "எது நீளம்?" என்று தோழியரைக் கேட்டோம். ஏறக்குறைய எல்லாரும் இரண்டாவதே நீளம் என்றனர். அளவுகோலை வைத்துக் காட்டினோம், இரண்டும் சமம். வியப்பு என்னவெனில், சமம் என்று தெரிந்த பின்னும் கண்ணுக்கு இரண்டாவதுதான் நீளமாகத் தெரிகிறது! அளந்து காட்டிய எங்களுக்கும் அப்படியே தெரிகிறது.

அப்போதுதான் எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. கண்ணெதிரே கிடக்கும் ஒரு கோட்டைப் பார்ப்பதிலேயே நாம் இவ்வளவு ஏமாறுகிறோம். அப்படியிருக்க, ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் "திமிர்" என்றும் "பேய்" என்றும் "பைத்தியம்" என்றும் எப்படித் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்? அளக்காமல் தீர்ப்புக் கூறாதே என்பதுதான் விஞ்ஞானம். அந்த விஞ்ஞானத்தை மனிதர்மீது செலுத்துவதுதான் உளவியல். அது பி.எஸ்ஸி. பட்டமாக இருப்பது பெருமைக்காக அன்று. அளவுகோலைக் கையில் எடுக்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்ற ஒழுக்கத்திற்காகவே.

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் என்பவர் 1879இல் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். உளவியல் தனி விஞ்ஞானமாகப் பிறந்தது அன்று என்பர். நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916லேயே இதற்குத் தனித்துறை ஏற்பட்டது. 1924இல் மைசூரிலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் தோன்றின. சென்னை மாநிலக் கல்லூரியிலும் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் உளவியல் பட்டவகுப்பு இருக்கிறது. நமக்கு அண்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை உண்டு. இவ்வளவு இருந்தும் நம் கிராமங்களில் இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால் இன்றும் சிரிப்புத்தான் எழுகிறது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமா இது? 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகள்தாம்; ஒரு தாயின் மடியில் தவழ்ந்தவர்கள்தாம். தீ ஒரு நாளில் கொன்றது. ஆனால் அவர்களைச் சங்கிலியில் பிணைத்தது பல நாள் அறியாமை அல்லவா? அவ்வளவு தொலைவு போவானேன்! 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே ஒரு காப்பகத்திலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மனநலம் பாதிக்கப்பட்டவர்களும் ஆதரவற்றவர்களுமாகிய அவர்களில் பலர் முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவரப்பட்டனர். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் அதே மருத்துவமனைதான்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது. நல்ல சட்டம். எனினும் சங்கிலியை அவிழ்த்தபின் அவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் வேண்டாமா? பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர்க்குச் சிகிச்சை கிட்டவில்லை என்றும் அது கூறுகிறது. அப்படியானால் நம் தெருவில் பத்து வீட்டிற்கு ஒரு வீட்டிலாவது இத்துயரம் மறைந்து கிடக்கிறது என்றுதானே பொருள்? காய்ச்சல் வந்தால் வாசலில் நின்று சொல்கிறோம். மனம் சோர்ந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

கோவிலுக்கும் கெபிக்கும் போகவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மேல்மலையனூருக்குப் போகிறவரும், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்பவரும் மன ஆறுதல் தேடித்தான் போகிறார்கள். அந்த ஆறுதலை யாரும் பறிக்கக்கூடாது. அதே ஏர்வாடித் தர்காவில் பிற்காலத்தில் மருந்தும் பிரார்த்தனையும் கைகோத்துச் செல்லும் திட்டத்தை அரசு ஏற்படுத்தியது. தொழுதுவிட்டு வருபவர் அருகிலேயே மருத்துவரையும் காணலாம். கடவுள் நமக்கு மனத்தைக் கொடுத்தார். அதை ஆராயும் அறிவையும் அவர்தாமே கொடுத்தார்?

மாணவியராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. தேர்வு முடிவு வரும் நாளில் எத்தனை வீடுகளில் நெஞ்சு படபடக்கிறது! முன்பெல்லாம் ஒரு பாடத்தில் தவறினாலும் ஓராண்டு வீணாகும் நிலை இருந்தது. அதனால் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்கள் தொடங்கிய 'சினேகா' அமைப்பு, தவறியவர்கள் உடனே மறுபடி எழுத வாய்ப்புத் தரவேண்டும் என்று வற்புறுத்திற்று. இன்று தோற்றவர் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதி அந்த ஆண்டே மேலே படிக்க முடிகிறது. மனித மனத்தை அறிந்தவர்கள் சொன்ன ஒரு யோசனை, பிள்ளைகளின் உயிரைக் காக்கும் ஏற்பாடாயிற்று. 2022 அக்டோபர் முதல் 'டெலி மானஸ்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவையும் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். இதைப் படிக்கும் தங்கையருள் யாருக்கேனும் மனம் தாங்காத நாள் வந்தால், அந்த எண்ணையோ, ஆசிரியையையோ, அம்மாவையோ நாடத் தயங்கவேண்டாம்.

படிப்பிற்கும் இந்த விஞ்ஞானம் உதவுகிறது. எபிங்கஸ் என்பவர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, எவ்வளவு மறந்தோம் என்று அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்றதில் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்திலேயே நழுவிவிடுகிறது என்றும், விட்டுவிட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்றும் கண்டார். தேர்வுக்கு முந்திய இரவு விளக்கெரித்துப் படிக்கும் நாம், இவரை முன்பே அறிந்திருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாக உறங்கியிருப்போம்!

இனி எதிர்ப்புகளுக்கு வருவோம். எங்கள் தோழியின் வீட்டில் அவளுடைய அப்பா மூன்று கேள்விகள் கேட்டார். அவர் கரும்பு விவசாயி. மகளின் நலம் நாடுபவர். ஆதலின் அவற்றை அலட்சியம் செய்ய எங்களுக்கு மனமில்லை.

"இதப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்பது முதற் கேள்வி. உண்மையைச் சொல்லவேண்டும். மூன்றாண்டுப் பட்டம் மட்டும் பெற்றவுடன் யாரும் சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்கு மேற்படிப்பும், மருத்துவமனைப் பயிற்சியும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். ஆக இது நீண்ட பாதை. மேலே படிக்க வசதி உண்டா என்று முதலிலேயே வீட்டாரோடு கலந்து பேசுவது நல்லது. ஆனால் பாதை ஒன்றே ஒன்றன்று. பள்ளிகளில் ஆலோசகர், சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி, தொழிற்சாலைகளில் பணியாளர் துறை, ஆராய்ச்சி எனப் பல கிளைகள் உண்டு. நம் நிலையத்தின் வழியே விரையும் ரயிலை ஓட்டுபவரும் உளவியல் முறையில் அமைந்த திறனறி தேர்வில் தேறித்தான் வேலைக்கு வருகிறார். கவனம் சிதறாதவரா, விரைந்து முடிவெடுப்பவரா என்று பார்க்கிறார்கள். ஆயிரம் பேரின் உயிர் அவர் கையில் அன்றோ இருக்கிறது!

"பைத்தியங்களோட பழகினா புள்ளைக்கு என்ன ஆவும்?" என்பது இரண்டாவது. மனநோய் தொற்றுநோய் அன்று. தொற்றிக்கொள்வது பயம் ஒன்றுதான். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் அவர்கள், சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் 1961 முதல் 1978 வரை இருந்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஓயாமல், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ப்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண் விருது பெற்றார். மனநோயாளரிடையே வாழ்நாளைக் கழித்த அந்த அம்மையார், 2021இல் மறையும்போது வயது 98!

"கல்யாணத்துக்குக் கேட்டு வர்றவங்க என்ன நெனைப்பாங்க?" என்பது மூன்றாவது. இதைக் கேட்டது அப்பா அல்லர்; பாட்டி. இதற்கு எங்கள் தோழியே விடை கூறினாள். "சித்திக்கு உடம்பு சரியில்லாதப்ப நாலு பேர் என்ன நெனைப்பாங்கன்னுதான் பாட்டி ஒரு மாசம் வீட்டுக்குள்ளயே வச்சிருந்தோம்" என்றாளாம். பாட்டி பதில் பேசவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டாராம்.

எங்கள் கருத்து இதுதான். உளவியலை எல்லாரும் படிக்கவேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. விருப்பமும் பொறுமையும் உள்ளவள் படிக்கட்டும். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். மதிப்பெண் குறைந்தவர்க்கு எஞ்சிய பாடமாக அதை ஆக்கவேண்டாம். பிறர் மனத்தைப் படித்துவிடலாம் என்ற மாயாஜால ஆசையோடும் அதில் சேரவேண்டாம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்து இப்படிப்பைப் படித்த அக்காமார் சென்னைக்குச் சென்று விடுதியில் தங்கித்தான் படித்தனர். பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில், செய்முறைக் கூடத்தோடு கூடிய பி.எஸ்ஸி. உளவியல் வகுப்பை ஏழை விவசாயியின் மகளுக்கும் அளிக்குமாறு கல்வித் துறையினரை வேண்டுகிறோம். மருத்துவக் கல்லூரி நம்மூருக்கு வந்தபோது வெளியூரிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். நோயாளியின் எதிரே அமர்ந்து, "காத்துக் கறுப்பு" என்றால் என்ன என்று விளக்கம் கேட்காமலேயே புரிந்துகொள்ள, நம் பேச்சில் பேசும் நம்மூர்ப் பெண்கள் வேண்டும்.

இதை எழுதும்போது எங்கள் தோழியின் அப்பா இன்னும் "சரி" என்று சொல்லவில்லை. ஆனால் "வேண்டாம்" என்பதையும் நிறுத்திவிட்டார். "மொதல்ல பரீட்சையை எழுது, பாக்கலாம்" என்கிறார். அவரிடம் எங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப் போன அன்று, வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தும் விட்டுவிட்டு உடன் சென்றவர் அவர்தானே!

அன்புத் தோழியரே, அடுத்த முறை வகுப்பில் ஒருத்தி எழுந்து தன் ஆசையைச் சொல்லும்போது, சிரிக்குமுன் அந்த இரண்டு கோடுகளை நினைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவது வேறு, அளந்தால் இருப்பது வேறு. கடைசி வரிசைத் தோழியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். "அட, விடுங்கடி" என்று அவள் சிரித்தாள். அன்று நாங்களும் அவளோடு சேர்ந்துதான் சிரித்தோம்.